பத்துப் பேர் சொன்னால்...

“பத்துப் பேர் ஒரே வாயாய்ச் சொல்லேக்கை அது பிழைக்குமோ?”

என் மாமா இவ்வாறு கேட்டது 1978ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. வடமராட்சியிலுள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்தோம். அவருடைய கேள்விக்கு அன்று ஒருவரும் விடை கூறவில்லை. பேராதனையில் கணிதம் பயின்றுகொண்டிருந்த நான் கூறியிருக்க வேண்டும். விடை எனக்கு அகப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. ஆயினும் அந்த விடை இன்னொரு குடும்பத்துக்கு உரிய வேளையில் உதவக்கூடும் என்னும் எண்ணத்தினாலேயே இதனை எழுதுகின்றேன்.

எங்கள் தந்தையார் 1972இல் காலமானார். அதன்பின் எங்களுக்குத் தகப்பன் நிலையில் நின்றவர் அம்மாவின் தமையனாராகிய மாமாதான். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறியவர் அவர். அக்காவின் கலியாணம், என் படிப்புச் செலவு, வளவுக்கு வேலியடைப்பது வரை எல்லாம் அவருடைய தோளிலேயே இருந்தன. அவர் தன்னலமற்றவர், அம்மாவிடம் உயிரையே வைத்திருந்தவர். இனிச் சொல்லப்போவதை வாசிப்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடலாகாது.

அவ்வாண்டின் தொடக்கத்திலிருந்தே அம்மா நடக்கையில் வாசற்கதவின் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். வலப்பக்கத்தில் வைத்த விளக்கைத் தட்டிவிடுவார். நாங்கள் அதனைக் கவனக்குறைவென்று எண்ணினோம். கடைசியிற் கண் வைத்தியர் பார்த்துக் காரணத்தைக் கூறினார். கண்ணினுள் நீரின் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சிறிது சிறிதாகச் சிதைத்துவருகின்றது. துளிமருந்து மட்டும் போதாது. சத்திரசிகிச்சை செய்வதே தக்கது. இழந்த பார்வை திரும்பாது, எஞ்சியதைக் காக்கலாம்: அவர் சொன்னதன் சாரம் இவ்வளவே.

இந்நோயின் வஞ்சகம், அது முதலிற் பக்கப்பார்வையைத் தின்பதாகும். நேர்ப்பார்வை நெடுநாள் நின்றுநிலைக்கும். அம்மா அப்போதும் மங்கல் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோப்பார். அரிசியிற் கல் பொறுக்குவார். “ஊசிக்கு நூல் கோக்கிறவளுக்குக் கண்ணிலை என்ன குறை?” என்று சின்னம்மா கேட்டார். நியாயமான கேள்வியாகவே எல்லோருக்கும் தோன்றியது.

மூன்று மாலைகள் கூடிப் பேசினோம். முதல் மாலையில், வைத்தியர் சொன்னபடி செய்வதே நல்லது என்று நான் வாதாடினேன். மாமா மறுத்தார். கொழும்பில் இப்படிச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மையார் உள்ள பார்வையையும் இழந்த கதையை அவர் கேள்விப்பட்டிருந்தார். சின்னம்மாவும் அவ்வாறே ஒரு கதை சொன்னார். அத்தானும் சொன்னார். இரண்டாம் மாலையில் அயல்வீட்டு ஆசிரியர் ஒருவர் வந்து, தாமும் அப்படியொன்று அறிந்ததாகக் கூறினார். நான், “அடுத்த விடுமுறை வரையிற் பொறுத்துப் பார்க்கலாம்” என்றேன். மூன்றாம் மாலையில் மாமா அந்தக் கேள்வியைக் கேட்டபோது நான் தலையசைத்துவிட்டேன். “அப்ப எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்” என்று மாமா முடித்தார். அம்மா வந்து கோப்பிக் குவளைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

1980ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னரே அம்மாவின் வலக்கண் முற்றாக இருண்டுவிட்டது. இடக்கண்ணிலும் நோய் முற்றிவருவதாக வைத்தியர் சொன்னார். மறுபடியும் விறாந்தையிற் கூடினோம். யாரும் பேசத் தொடங்குமுன் அம்மா குசினி வாசலில் வந்து நின்றார்.

“என்ரை கண்ணைப் பற்றி அண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. இந்த முறை நானே சொல்லுறன். வெட்டட்டும்.”

கொழும்பிற் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தக் கண் தப்பியது.

மாமாவும் நானும் யாழ்தேவியில் ஊர் திரும்பினோம். வழியில், அன்றைய கதைகளை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, யார் யாரிடம் கேட்டார் என்று விசாரித்துக்கொண்டு வந்தோம். மாமா தம் கந்தோர் நண்பர் ஒருவரிடமிருந்து கேட்டிருந்தார். அந்த அம்மையார் நண்பரின் மாமியார். மாமா அதனைச் சின்னம்மாவுக்குச் சொன்னார். சின்னம்மா அத்தானுக்குச் சொன்னார். அத்தான் அயல்வீட்டு ஆசிரியருக்குச் சொன்னார். ஆசிரியரோ பெயரும் ஊரும் மறந்த நிலையில் அதனை மாமாவுக்கே திருப்பிச் சொன்னார். மாமா அதனை வேறொரு நோயாளியின் கதையென்று எண்ணி, முன்னிலும் உறுதியடைந்துவிட்டார். நாங்கள் நால்வரிடமிருந்து கேட்டவை நான்கு கதைகளல்ல, ஒரே கதை. அதுவுங்கூட அந்த அம்மையாருக்கு இருந்தது கண்புரை, அம்மாவின் நோயன்று.

மாமா நெடுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர் மெல்லச் சொன்னார்: “அப்ப நான் என்ரை குரலைத்தானே திருப்பிக் கேட்டிருக்கிறன்.”

எருதும் அனுமதிச் சீட்டும்

மாமாவின் கேள்வியை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒருவர் சொல்லிலும் பலர் சொல் சிறந்தது என்பதற்குக் கணிதமே சாட்சி சொல்கின்றது. ஆனால் அச்சாட்சி ஒரு நிபந்தனையோடு கூடியது. அந்த நிபந்தனையைத்தான் எங்கள் விறாந்தையில் நாங்கள் காணவில்லை.

இங்கிலாந்திலே பிளிமத் நகரில் 1906ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு கால்நடைக் கண்காட்சியில் ஒரு போட்டி வைத்தார்கள். கொழுத்த எருதொன்றை நிறுத்தி, அதனை அறுத்துத் துப்புரவாக்கியபின் இறைச்சி எத்தனை இறாத்தல் நிறுக்கும் என்று கேட்டார்கள். ஆறு பென்சு கொடுத்துச் சீட்டு வாங்கி, மதிப்பை எழுதிப் போட வேண்டும். பிரான்சிஸ் கால்ற்றன் என்னும் அறிஞர் அந்தச் சீட்டுகளைக் கேட்டு வாங்கி ஆராய்ந்தார். எழுத்துத் தெளிவற்றவை முதலியன நீங்க 787 சீட்டுகள் எஞ்சின. இறைச்சிக் கடைக்காரர், கமக்காரர் ஆகியோரோடு, எருதுபற்றி ஏதுமறியாதவர்களும் எழுதியிருந்தனர். அவற்றைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிப் பார்த்தபோது நடுவில் நின்ற எண் 1207. எல்லாவற்றின் சராசரி 1197. உண்மை நிறை 1198 இறாத்தல். கால்ற்றன் இம்முடிவை 1907இல் வெளியிட்டார். பொதுமக்களின் கூட்டுத் தீர்ப்பில் அவர் எதிர்பார்த்ததிலும் கூடிய நம்பகம் இருந்தது.

இது எங்ஙனம் நிகழ்ந்தது? ஒருவர் கூட்டி மதித்தார். இன்னொருவர் குறைத்து மதித்தார். பிழைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. ஆனால் ஒவ்வொருவரும் தனியே நின்று தம் கண்ணால் எருதைப் பார்த்து எழுதினர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் “ஆயிரத்து ஐந்நூறு” என்று உரக்கக் கூவி, மற்றையோர் அதைக் கேட்டபின் எழுதியிருப்பாராயின், எல்லோருடைய பிழையும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ஒரே பக்கம் சாயும் பிழைகள் ஒன்றையொன்று வெட்டா.

இதற்கும் முன்னரே, 1785இல், பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் கொண்டோர்சே இதனை நிகழ்தகவின் மொழியிற் கூறியிருந்தார். ஒரு விடயத்திற் சரியான தீர்ப்புக் கூறும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கு 60 என்று கொள்வோம். ஒருவரையொருவர் சாராத மூவர் கூடிப் பெரும்பான்மையால் முடிவு செய்தால், அம்முடிவு சரியாகும் வாய்ப்பு ஏறத்தாழ 65 ஆக உயரும். பதினொருவர் கூடினால் 75. நூற்றொருவர் கூடினால் 98. ஆனால் பதினொருவரும் ஒருவருடைய சொல்லையே திருப்பிச் சொல்பவராயின், வாய்ப்பு அந்தப் பழைய 60 தான். வாய்கள் பதினொன்று, அறிவு ஒன்று. மேலும், ஒவ்வொருவரும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 50க்குக் கீழே இருக்குமாயின், ஆட்கள் கூடக்கூடக் கூட்டம் பிழையை நோக்கியே நடக்கும் என்பதையும் அதே கணக்குக் காட்டுகின்றது.

ஆகவே மாமாவுக்கு உரிய விடை இதுதான்: “பத்துப் பேர் சொன்னால் நம்பலாம், ஆனால் அவர்கள் உண்மையிற் பத்துப் பேர்தானா என்று முதலிற் பாருங்கள்.”

மூன்று மாலைகளின் கணக்கு

எனினும் ஒரு வினா என்னைத் தொடர்ந்து வருத்தியது. மாமா கேட்ட கதையினால் ஏமாந்தார். நான் ஏன் மாறினேன்? யாரும் என்னை வெருட்டவில்லை. என் நியாயத்தை ஒருவரும் முறியடிக்கவுமில்லை. இருந்தும் மூன்று மாலைகளில் என் அபிப்பிராயம் கரைந்துபோயிற்று.

கணித ஆசிரியனாகிய பின், இதற்கும் ஒரு கணக்கு உண்டென்று அறிந்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிரெஞ்ச் 1956இல் அதன் அடிப்படையை வகுத்தார். புள்ளிவிபரவியலாளர் மொறிஸ் டீகுரூட் 1974இல் அதனைத் தெளிவான வடிவில் எழுதினார். எங்கள் விறாந்தைக் கூட்டத்துக்கு நான்கு ஆண்டுகள் முன்னரே அந்தக் கட்டுரை வெளிவந்திருந்தது!

கருத்து எளிமையானது. கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரும் தமக்கும் மற்றையோருக்கும் ஒவ்வோர் அளவு மதிப்புக் கொடுக்கின்றார். அம்மதிப்புகளின் கூட்டுத்தொகை ஒன்று. ஒவ்வொரு சுற்றுப் பேச்சின் பின்னும், தாம் கேட்ட அபிப்பிராயங்களை அந்த மதிப்பின்படி கலந்து தம் புதிய அபிப்பிராயமாகக் கொள்கின்றார். மீண்டும் பேசுகின்றனர், மீண்டும் கலக்கின்றனர். இவ்வளவே.

மாணவ நண்பர்கள் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கை எளிதாக்குவதற்கு மாமா, சின்னம்மா, நான் ஆகிய மூவரை மட்டும் எடுப்போம். சத்திரசிகிச்சை வேண்டும் என்னும் எண்ணத்துக்கு நூறுக்கு எத்தனை புள்ளி? தொடக்கத்தில் மாமா 10, சின்னம்மா 45, நான் 80 என்று கொள்வோம். மாமா உறுதியானவர், தம் எண்ணத்துக்குப் பத்தில் எட்டுப் பங்கும், எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு பங்கும் கொடுக்கின்றார். சின்னம்மா தமக்குப் பாதியும் மாமாவுக்குப் பாதியும் கொடுக்கின்றார். நானும் அப்படியே, எனக்குப் பாதி, மாமாவுக்குப் பாதி.

முதல் மாலை கழிந்ததும் என் எண்ணம் 80க்கும் 10க்கும் நடுவே, 45க்கு இறங்குகின்றது. சின்னம்மாவினது 27½. மாமாவினது 20½. இரண்டாம் மாலை கழிய நான் ஏறக்குறைய 33. மூன்றாம் மாலை கழிய 28. மேலும் பேசிக்கொண்டே போனால் மூவரும் 25 என்னும் எண்ணில் ஒன்றுபடுவோம். தொடக்கத்தில் எங்கள் மூவரின் சராசரி 45 அன்றோ? ஒற்றுமை அங்கே வரவில்லை. மாமாவை நோக்கி நெடுந்தூரம் சாய்ந்து வந்தது. கணக்கைத் தீர்த்துப் பார்த்தால், இறுதி முடிவில் மாமாவின் தொடக்க எண்ணத்துக்கு ஏழில் ஐந்து பங்கு. எங்கள் இருவருக்கும் ஏழில் ஒவ்வொரு பங்கு.

80, 45, 33, 28. இந்த எண்களை முதன்முதல் எழுதிப் பார்த்தபோது என் கை நின்றுவிட்டது. “வேண்டும்”, “பொறுத்துப் பார்க்கலாம்”, “சரி” என்று நான் இறங்கிவந்த படிகளே அவை. நான் எந்தப் படியிலும் கோழையாக நடந்ததாக எண்ணவில்லை. பெரியவர் சொல்லுக்குப் பாதி மதிப்புக் கொடுத்தேன். அது மரியாதையென்று எண்ணினேன். ஆனால் அதே மரியாதையை ஒவ்வொரு மாலையும் புதிதாகச் செலுத்தினேன். புதிய செய்தி ஒன்றும் வராதிருக்க, பழைய சொல்லுக்கே மீண்டும் மீண்டும் பாதி விலை கொடுத்தேன். அதுதான் பிழை.

டீகுரூட்டின் கணக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டுகின்றது. கூட்டத்தில் ஒவ்வொருவருடைய சொல்லும் நேராகவோ பிறர் வழியாகவோ மற்றெல்லோரையும் எட்டுமாயின், தம் எண்ணத்துக்கும் சிறிதளவேனும் மதிப்பு வைப்பாராயின், அவர்கள் கடைசியில் ஒன்றுபட்டே தீருவர். ஒற்றுமை வருவதற்கு உண்மை தேவையில்லை, பொறுமை போதும். ஒன்றுபடும் இடமோ யார் சரி என்பதைப் பொறுத்ததன்று. யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பொறுத்தது. மாமா 90 என்று தொடங்கியிருந்தால், அதே நாங்கள், அதே விறாந்தையில், அதே மரியாதையோடு, சத்திரசிகிச்சை வேண்டுமென்று ஒன்றுபட்டிருப்போம்.

பெருங்கூட்டங்களுக்கும் இது பொருந்தும். கோலப், ஜக்சன் என்னும் இரு பொருளியலாளர்கள் 2010இல் இக்கணக்கை விரித்து, எப்போது ஒரு பெரிய சமூகம் இவ்வழியில் உண்மையை அடையும் என்று ஆராய்ந்தனர். கூட்டம் பெருகப் பெருக, எந்த ஒருவருடைய செல்வாக்கும் சுருங்கிச் சிறிதாகிவிட வேண்டும். அதுவே அவர்கள் கண்ட நிபந்தனை. ஒரு சிலருடைய செல்வாக்கு மட்டும் பெரிதாகவே நிற்குமாயின், இலட்சம் பேர் கூடினாலும் அது அந்தச் சிலருடைய அபிப்பிராயமே.

அம்மாவின் பூச்சியம்

இனி நான்காவது ஆளைச் சேர்ப்போம். அம்மாவின் எண் 100 என்று வையுங்கள். 90 என்றாலும் சரி, 5 என்றாலும் சரி. அவர் எல்லோருடைய சொல்லையும் கேட்கின்றார். அவருடைய சொல்லுக்கு மட்டும் எங்களில் ஒருவரும் மதிப்புக் கொடுக்கவில்லை, கேட்கவேயில்லை. அட்டவணையில் அவருடைய பெயரின் கீழ் நாங்கள் மூவரும் இட்டது பூச்சியம்.

கணக்கைச் செய்து பாருங்கள். எங்கள் முடிவு 25 தான். அம்மாவின் எண் எதுவாயினும் முடிவு ஓர் அணுவும் அசையாது. ஆனால் அம்மாவின் எண்ணமோ மாலைக்கு மாலை எங்களை நோக்கி நகர்ந்து, அதுவும் 25இல் வந்து நிற்கும். வெளியே நின்று பார்ப்பவருக்கு நால்வரும் மனமொத்து முடிவு செய்ததாகவே தோன்றும். “அம்மாவும் சம்மதித்தார்தானே” என்று நாங்கள் பின்னர் எங்களைத் தேற்றிக்கொண்டோம். அந்தச் சம்மதத்தின் விலை என்னவென்று அந்த அட்டவணை சொல்கின்றது. யாருடைய கண்ணோ, அவருடைய சொல்லுக்குப் பூச்சியம்.

நாற்பது ஆண்டுக்கு மேலாகக் கரும்பலகையிற் பூச்சியம் எழுதியிருக்கின்றேன். அந்தப் பூச்சியத்தைப் போல என்னைச் சுட்டது வேறொன்றில்லை.

ஒருவர் துணை நின்றால்

அப்படியானால் கலந்துபேசுவதே தவறா? அல்ல. கலந்துபேசாத குடும்பம் குடும்பமாகாது. ஆனால் பேசும் முறையிற் கவனம் வேண்டும்.

சுவிற்சலாந்தின் சூரிச் நகரில் 144 மாணவர்களைக் கொண்டு செய்த ஒரு சோதனை 2011இல் வெளிவந்தது. அந்நாட்டைப்பற்றி எண்களால் விடையளிக்க வேண்டிய கேள்விகள் கேட்கப்பட்டன. சிலருக்குப் பிறருடைய விடைகள் காட்டப்பட்டன, சிலருக்குக் காட்டப்படவில்லை. பிறர் விடைகளைக் கண்டவர்களின் விடைகள் சுற்றுக்குச் சுற்று நெருங்கிவந்தன. ஆனால் கூட்டத்தின் பிழை குறையவில்லை. குறைந்தது வேற்றுமை, கூடியது தன்னம்பிக்கை. எங்கள் மூன்றாம் மாலையின் நிம்மதி அத்தகையதே.

இன்னொரு சோதனை ஆறுதல் தருவது. சொலமன் ஆஷ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1950களிற் செய்தவை அவை. ஒரு கோட்டின் நீளத்துக்கு ஒத்த கோடு எது என்று ஓர் அறையிலுள்ளவர்களை ஒவ்வொருவராகக் கேட்பார். சிறு பிள்ளையும் சொல்லக்கூடிய விடை. ஆனால் ஒருவரைத் தவிர ஏனையோர் எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைக்கப்பட்டவர்கள். ஒரே வாயாகப் பிழையான கோட்டைக் காட்டுவர். அந்தத் தனி ஆள், இவ்வாறான தருணங்களில் ஏறத்தாழ மூன்றிலொரு தடவை, தம் கண்ணை விட்டுக் கூட்டத்தின் வாயை நம்பிப் பிழையான விடையையே சொன்னார். இது பலரும் அறிந்தது. பலர் மறந்துவிடுவது அடுத்த பகுதியை. அறையில் இன்னும் ஒரேயொருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால், தனி ஆள் கூட்டத்துக்குப் பணிவது மிகவும் குறைந்துபோயிற்று. பெரும்படை வேண்டியதில்லை, துணைக்கு ஒருவர் போதும்.

மூன்றாம் மாலையில் நான் தலையசையாமல், “நான் இன்னமும் வேண்டுமென்றே நினைக்கிறன்” என்று மட்டும் சொல்லியிருந்தால், மாமா மாறியிருப்பாரோ, தெரியாது. ஆனால் குசினியில் நின்ற அம்மாவுக்கு அது கேட்டிருக்கும். அவர் 1980இற் சொன்னதை 1978இலேயே சொல்லியிருக்கவுங்கூடும்.

பிரீட்கின், ஜோன்சன் என்னும் இருவர் 1990இல் டீகுரூட்டின் கணக்கில் ஒரு திருத்தம் செய்தனர். ஒவ்வொரு சுற்றிலும் மனிதர் பிறர் சொல்லைக் கலந்துகொள்வதோடு, தம் தொடக்க எண்ணத்தின் ஒரு பங்கையும் கைவிடாது வைத்திருப்பார் என்று கொண்டால் என்ன நேரும்? அப்போது எண்ணங்கள் நெருங்கிவரும். ஆனால் பெரும்பாலும் முழுதாக ஒன்றாகா. வேற்றுமை கொஞ்சம் எஞ்சும். இளமையில் இதைக் குறையென்று நினைத்திருப்பேன். இன்று அதை ஒரு காவலென்று நினைக்கின்றேன். முதன்முதலாகத் தன் கண்ணாற் கண்டதை மறவாத ஒருவர் கூட்டத்திலிருந்தால், முடிவு பிழைத்தபோது திரும்பிவருவதற்கு ஒரு வழி இருக்கும். ஆனால் தன்னோடு ஒத்தவர் சொல்லை மட்டுமே கேட்பேன் என்று எல்லோரும் நின்றுவிட்டால், கூட்டம் கட்சி கட்சியாய் உடைந்துபோகும். ஹெக்செல்மன், கிறவுசே என்னும் ஜெர்மானியர் 2002இல் வெளியிட்ட கணக்கு அதனைக் காட்டுகின்றது. பிடிவாதம் உப்பைப் போன்றது, அளவோடு வேண்டும்.

இக்கணக்குகள் மனிதரை முழுதும் அளந்துவிடுவன என்று நான் சொல்லவில்லை. மாமாவின் மனத்தில் எனக்குப் பத்திலொரு பங்கா, ஐந்திலொரு பங்கா என்று அளக்கும் கோல் எவரிடமும் இல்லை. அன்பும் அச்சமும் கடனும் எண்களுள் அடங்கா. ஆயினும் நோய்க்குப் பெயர் தெரிந்தால் மருந்து தேடலாம் அன்றோ? அதுபோல, எங்கள் விறாந்தையில் நடந்ததற்கு ஒரு வடிவம் உண்டென்று இக்கணக்குகள் எனக்குக் காட்டின.

அம்மா அந்த ஒரு கண்ணோடு மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். ஊசிக்கு நூல் கோத்தார். என் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்தார். மாமா அவருக்கு முன்னரே காலமாகிவிட்டார். இறப்பதற்குச் சில காலம் முன்பு, வீட்டில் எது நடந்தாலும், “முதலிலை அவளைக் கேளுங்கோ” என்பார். அந்தச் சொல்லில் இருந்த வருத்தம் எனக்கு மட்டுமே விளங்கும்.

எத்தனையோ இடப்பெயர்வுகளுக்குப் பின்னும் எங்களிடம் எஞ்சிய அம்மாவின் பொருள்களுள் ஒன்று ஒரு பித்தளை மூக்குப்பேணி. இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விடயம் எதையும் பேசத் தொடங்குமுன், ஒவ்வொருவரும் தம் எண்ணத்தையும், அது எங்கிருந்து வந்ததென்பதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி அந்தப் பேணியிற் போட வேண்டும். விடயம் யாரைப் பற்றியதோ, அவருடைய கடதாசியை முதலில் வாசிப்போம். அதன் பின்னரே பேச்சு. பிளிமத்து எருதிடமிருந்தும் என் அம்மாவிடமிருந்தும் கற்ற பாடம் அது.

சென்ற ஆண்டு என் பேர்த்தியின் மேற்படிப்பைப் பற்றிப் பேசக் கூடினோம். பேணியில் ஏழு கடதாசிகள். ஆறில் ஒரே துறை எழுதியிருந்தது. அந்த ஆறிலும் நான்கு, ஒரே உறவினர் தொலைபேசியிற் சொன்னதையே ஆதாரமாகக் காட்டின. ஏழாவது கடதாசி பேர்த்தியினது. அதில் வேறொரு துறை இருந்தது. அவளே விசாரித்தறிந்த காரணங்கள் மூன்றும் இருந்தன.

அதைத்தான் முதலில் வாசித்தோம். அவள் இப்போது அதைத்தான் படிக்கின்றாள்.